ஆடவர் படும் துன்பமும் அவையின் நகைப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆடவர்மீது நிகழும் கொடுமை என்பதாகும். காரியதரிசி அவர்கள் இத்தலைப்பைப் படித்தறிவித்தபோது இவ்வவையிற் பலர் முறுவலித்ததைக் கண்டேன். அதனைக் குற்றமாகக் கொள்ளேன். யானும் ஒருகால் அவ்வாறு நகைத்தவனே.

2011ஆம் ஆண்டில் ஊர்ப் பஞ்சாயத்தின் முன் நம்மவர் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது கடந்தவர். நிலத்தை எழுதித் தருமாறு கேட்டு மனைவியும் வளர்ந்த மகனும் தம்மை அடிப்பதாகவும், சோறிடாது திண்ணையில் விடுவதாகவும் கூறி, முழங்கையிலிருந்த காயத்தைக் காட்டினார். "ஆண்பிள்ளையாய்ப் பிறந்து இதைச் சொல்ல வெட்கமில்லையா?" என்றார் ஒருவர். சபை சிரித்தது. தீர்மானம் எழுத அமர்ந்திருந்த யானும் சிரித்தேன். அவர் துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு போனார். பின்னர் நம் கூட்டம் ஒன்றிற்கும் அவர் வந்திலர். வெளியூரிற் காவற்காரராயிருந்து அங்கேயே காலஞ்சென்றார் என்று கேள்வியுற்றேன். அவர் கூறியது மெய்யோ பொய்யோ என்று அன்று ஒருவரும் வினவவில்லை என்பதே இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அழுகை பிறக்கும் நான்கனுள் இளிவை முதற்கண் வைத்தார். ஒருவர் எள்ளல் மற்றொருவர்க்கு இளிவாதலை அன்று கண்ணாரக் கண்டேன். அழுகை பெண்டிர்க்கே உரியதென்று அவ்வாசிரியர் யாண்டும் வரையறுத்திலர். அவ்வரையறை நாம் செய்துகொண்டதே.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் முதுகில் தடிப்புகளோடு வந்தான். மிதிவண்டியிலிருந்து விழுந்ததாகக் கூறினான். பன்முறை வினவிய பின்னரே, தான் தங்கியிருந்த விடுதியில் மூத்த மாணவர் இரவுதோறும் தன்னை அடித்து வருத்துவதைச் சொன்னான். "முன்பே ஏன் சொல்லவில்லை, தம்பி?" என்றேன். "சொன்னால் சிரிப்பாங்க, ஐயா" என்றான். யான் முன்னாளிற் சிரித்த சிரிப்பு அச்சிறுவன் வாய்வழியே என்னிடம் திரும்பி வந்தது. அன்றே அவன் தந்தையாரை வரவழைத்து, உரியவர்க்கும் அறிவித்தேன். இப்பொழுது அவன் வீட்டிலிருந்தே பள்ளிக்கு வருகின்றான்.

இஃது ஓரிருவர் கதையன்று. மத்திய அரசின் மகளிர் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பாலியற் கொடுமைக்கு ஆளானதாகக் கூறிய சிறார் நூற்றுக்கு 53க்கு மேற்பட்டோர். அவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்மக்களே. மகளைப் பொத்திக் காக்கும் நாம், மகனைப்பற்றி ஐயுறாதிருக்கின்றோம்.

சட்டநிலை யாதென்பீரேல், ஒருவரை அடித்துக் காயப்படுத்துதல் குற்றமென்னும் பொதுச்சட்டம் ஆண் பெண் வேறுபாடு பாராது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், தம் பொருளால் வாழ இயலாத தந்தைக்கும் தாய்க்கும் ஒப்ப வழி வகுத்தது. இவ்விரண்டும் அப்பெரியவர் வந்து நின்ற நாளிலேயே இருந்தன, எடுத்துரைப்பார்தாம் இலர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுவரையும் சிறுமியரையும் ஒருங்கே காப்பது. ஆயின், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பெண்டிர்க்கு மட்டுமே இயற்றப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் பழைய 377ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவு இடம்பெறாமையால், வயதுவந்த ஆடவன் வன்புணர்ச்சிக்கு ஆளானால் முறையிடுதற்கு இருந்த வழியும் அடைபட்டது.

இவ்வாறு கூறுதலால் பெண்டிர் படும் துன்பம் சிறிதென்பது என் கருத்தன்று. வீட்டினுள் அடியுண்பார் மிகப்பலர் அவர்களே. ஒருவர் புண்ணைக் காட்டி மற்றொருவர் புண்ணை மறைத்தல் அறமாகாது. புண் யார்க்கும் புண்ணே.

சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் மூன்று. காயம்பட்டு வந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும், பஞ்சாயத்துப் பேசி முடிக்காது, முதற்கண் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்திற்கும் துணைசென்று உதவுதல் வேண்டும். நம் மாணவர் விடுதியிற் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் இரவில் உடன் தங்குதலோடு, மாதமொருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தழைத்து நலம் வினவுதல் வேண்டும். சிறார்க்கென உள்ள 1098 என்னும் தொலைபேசி எண்ணைச் சுவரிற் பெரிதாக எழுதி வைத்தல் வேண்டும். மூன்றாவது தாய்தந்தையர்க்கு: "ஆண்பிள்ளை அழலாமா?" என்னும் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். அழும் பிள்ளையிடம் காரணம் கேளுங்கள்.

அப்பெரியவரிடம் யான் வேண்டியிருக்கவேண்டிய மன்னிப்பை இனி அவரிடம் வேண்ட இயலாது. அவர் நாணி அகன்ற சபையைச் சேர்ந்த உங்கள் முன்னிலையிலேயே அதனை வேண்டி அமைகின்றேன்.