விடை வராத வினாக்கள்



வகுப்பறையிலே ஆசிரியர் "விளங்கிற்றா?" என்று கேட்பதும், மாணவர் ஒருமித்து "விளங்கிற்று" என்று விடையிறுப்பதும் நாடோறும் நடைபெறும் நிகழ்ச்சிகள். அவ்விடையை நம்பிப் பாடத்தைத் தொடரும் ஆசிரியர், பரீட்சைத் தாள்களைத் திருத்தும் வேளையிலேதான் உண்மையை உணர்கின்றார்.

இவ்விடத்திலே இணையவழி வினாக்கொத்து பெருந்துணை புரிகின்றது. கூகிள் படிவம் போன்றதொரு கருவியிலே நாலைந்து வினாக்களை அமைத்து அனுப்பினால், மாணவர் கைத்தொலைபேசியிலேயே விடையளிக்கலாம். வந்த விடைகளைக் கருவியே எண்ணி வட்ட வரைபடமாகக் காட்டிவிடும். பெயர் கேளாது விடுத்தால், வகுப்பிலே வாய் திறவாத பிள்ளையும், "பின்னங்களை வகுக்கும் முறை எனக்கு விளங்கவில்லை" என்று அஞ்சாது எழுதும்.

ஆனால், பெயர் வேண்டா என்று சொல்லும் ஆசிரியர் அச்சொல்லைக் காத்தல் வேண்டும். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் ஏற்பாடு அப்படிவத்திலே உண்டு. அதனை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினாலும், விடை வந்து சேர்ந்த நேரம் பதிவாகும். பத்துப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பிலே நேரத்தைக் கொண்டே ஆளை ஊகித்துவிடலாம். ஊகித்ததை ஆசிரியர் ஒருமுறை முகக்குறிப்பால் காட்டிவிட்டாலும் போதும். அதன்பின் உண்மையான விடை வாராது.

இனி, யான் இடறிய கதையையும் சொல்லிவிடுகின்றேன். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, என் வகுப்பினருக்கு வட்ஸ்அப் வழியாக ஒரு வினாக்கொத்தை அனுப்பினேன். "வீட்டிலே இணைய வசதி உண்டா?" என்பது முதலாம் வினா. விடையளித்த அனைவரும் "உண்டு" என்றனர். வட்டம் முழுவதும் ஒரே நிறம்! மகிழ்ச்சியோடு பாடங்களை அனுப்பலானேன். வசதியற்ற பிள்ளை இணையத்திலே வந்து "இல்லை" என்று எங்ஙனம் எழுதும் என்பது அப்பொழுது என் புத்திக்கு எட்டவில்லை.

பெரியோரும் இவ்வாறு இடறியதுண்டு. 1936 ஆம் ஆண்டிலே 'லிற்றரறி டைஜஸ்ற்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டனே சனாதிபதியாவார் என்று அறிவித்தது. அத்தேர்தலிலே 48 மாநிலங்களுள் 46 ஐ ரூஸ்வெல்ற் வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களிலிருந்து பெருவாரியான பெயர்களை எடுத்தமை தவற்றுக்கு ஒரு காரணம். சீட்டுப் பெற்றோருட் பெரும்பாலோர் விடையனுப்பாமை மற்றொன்று.

இப்பொழுதெல்லாம் வகுப்பு இடாப்பை அருகில் வைத்துக்கொண்டே படிவத்தைத் திறக்கின்றேன். வந்த விடைகளின் தொகை இடாப்பின் தொகைக்குக் குறைந்தால், அவ்வினாக்களையே கடதாசியில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்து, ஒரு பெட்டியிலே இடச் சொல்கின்றேன். பாடசாலை மீண்டும் திறந்தபின், அந்த முதலாம் வினாவை அவ்வாறே திரும்பக் கேட்டேன். "இல்லை" என்ற கடதாசிகள் பல இருந்தன. அயல்வீட்டுப் படலையருகே நின்று பாடங்களைப் பார்த்ததாக ஒரு பிள்ளை எழுதியிருந்தது. மழை நாட்களிலே அதுவும் இயலவில்லையாம்.