கன்றை வாங்கமுன் கிணற்றைக் கேளுங்கள்

(தீவகத்தைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தென்னங்கன்று வழங்குவது பற்றி வேலணையில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கன்று எப்ப தருவீங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தருவோம். அதற்கு முன் என்னுடைய ஒரு பிழையைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் இதே தீவகத்தில் வீட்டுக்கு ஐந்து கன்று என்று நானே கொடுப்பித்தேன். கிணற்றைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் வருடக் கோடையில் முக்கால்வாசிக் கன்று கருகிப் போச்சு. ஒரு அம்மா, "தம்பி, குடிக்கிற தண்ணியை ஊத்தினன். கன்றும் போச்சு, தண்ணியும் போச்சு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

தென்னை நன்றாகக் காய்க்க வருடத்திற்கு 1500 மில்லிமீற்றருக்கு மேல் மழை வேண்டும். அதுவும் மாதா மாதம் பரவலாக. குருநாகல், சிலாபம் பக்கத்தில் தெங்கு முக்கோணம் அமைந்தது அதனால்தான். எங்களுக்குக் கிடைப்பது சுமார் 1250. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்சமெல்லாம் வெயில்.

இப்போது வெயிலும் கூடிவிட்டது. வெக்கை 33 பாகையைத் தாண்டினால் தென்னம்பூவில் மகரந்தம் கெட்டு, குரும்பை பிடிப்பது குறையும். பாளை வெடித்துத் தேங்காய் முற்ற 11, 12 மாதம் செல்வதால், இந்த வருட வெக்கையின் நட்டம் அடுத்த வருடப் பறிப்பில்தான் தெரியும். 2025 ஆரம்பத்தில் ஒரு தேங்காய் 200 ரூபா வரை விற்றது நினைவிருக்கும். அதற்கு முந்திய வெக்கையும் வரட்சியும் அதற்கு ஒரு காரணம்.

இது எங்களுக்கு மட்டும் வந்த துன்பம் அல்ல. கலிபோர்ணியாவில் பிஸ்தா மரத்திற்கு மாரிக்குளிர் வேண்டும். அது போதாமல் 2015இல் அங்கே ஏராளமான கோதுகள் பருப்பில்லாமல் வெறுமையாய்ப் போயின. மரம் நின்ற இடத்தில் நிற்கிறது, காலநிலைதான் இடம் மாறுகிறது.

2025 செப்டெம்பர் 2, உலக தெங்கு தினத்தன்று, வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டம் புதுக்குடியிருப்பில் தொடங்கப்பட்டது. நல்ல விடயம். ஆனால் வன்னி நிலம் வேறு, எங்கள் தீவு வேறு. இங்கே கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழேயுள்ள உப்பு 40 அடி வரை மேலே வரலாம். 1901 முதல் 2018 வரை உலகில் கடல்மட்டமும் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. ஒரு பக்கம் கடல் ஏற, மற்றப் பக்கம் நாங்கள் மோட்டர் போட்டு இறைக்க, நடுவில் கன்று என்ன செய்யும்?

ஆகவே இம்முறை இப்படிச் செய்வோம்.

முதலாவது, புரட்டாதியில், மழைக்கு முன், உங்கள் கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள். அப்போதும் நன்னீர் என்றால் தென்னை கேளுங்கள். ஐந்து வேண்டாம், இரண்டு போதும். மூன்றடிக் கிடங்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டை அடுக்கி, ஐப்பசி மழையோடு நட்டு, சுற்றி ஓலை பரப்புங்கள்.

இரண்டாவது, மணல் ஆழமாக, வெள்ளம் நிற்காத காணி என்றால் மரமுந்திரிகை வையுங்கள். கஜு வரட்சியைத் தாங்கும். பூக்கும் மாதங்களில் மழை பெய்தால் மட்டும் பூ கருகும்.

மூன்றாவது, கிணறு உவர் என்றால் பனங்கொட்டை புதையுங்கள். "தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்பார்கள். உண்மைதான், பனை காய்க்க 15 வருடம் போகும். ஆனால் 1990, 91இல் நாங்கள் ஊரைவிட்டுப் போய், பின்னர் திரும்பி வந்தபோது, ஒருவரும் தண்ணி ஊத்தாமலே நின்ற மரம் எது? பனைதானே. நிற்கும் பனையை வேலிக்கும் விறகுக்கும் தறிக்காதீர்கள்.

இன்று பெயர் பதிவோம். புரட்டாதியில் நானே வீடு வீடாக வந்து, உங்கள் கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் கன்று தருவேன். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு, எந்தத் தீவென்றாலும் வருவேன். கன்று கிடைக்கவில்லை என்று அப்போது என்மேல் கோபிக்காதீர்கள். இன்னொரு அம்மாவின் குடிதண்ணீரை வீணாக்க நான் விரும்பவில்லை.