பின்அச்சின் தேய்வு

1958இல் வெளிவந்த இரண்டாம் வரிசை லாண்ட் ரோவரின் கைப்பிரேக்கு சக்கரங்களைப் பிடிப்பதன்று. பின்அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டையே பிடிக்கின்றது. ஆதலின், இரு சக்கர இயக்கத்தில் பின் அரைத்தண்டு ஒன்று முறிந்தால், சரிவில் நிறுத்திய வண்டி உருண்டோடும்.

முதலிற் பின்அச்சின் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். சாம்பல்நிறக் குழம்பு இயல்பான தேய்வே. செதில்கள் கண்டால் பல்லோ பெயாரிங்கோ சிதைகின்றது. அடுத்து, சக்கரத்தைக் கழற்றாமலே அரைத்தண்டை உருவி, அதன் நுனிப் பற்களை நோக்குங்கள். அவை முறுக்குண்டிருப்பின் முறிவு தூரத்திலில்லை.

சாரதிகள் பாரத்தின்மீது பழி போடுவர். பாரம் வாய் திறவாதல்லவா! தார்வீதியில் நான்கு சக்கர இயக்கத்தை விடாது வைத்திருந்தனரா என்பதையே நான் கேட்பேன். வளைவில் முன்சக்கரங்கள் கூடிய தூரம் ஓடும்; அவ்வேறுபாட்டை ஏற்க நடுவில் டிபரன்ஷல் இல்லாமையால் தண்டுகள் முறுகும். மணலிற் சக்கரம் சறுக்கி முறுக்கம் தளரும். தாரில் அதற்கு இடமில்லை.