பிறமொழிக் கல்வியும் மாணவர் நாட்டமும்

(சங்கக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழகம் புகும் மாணவர் பிறநாட்டு மொழியொன்றைக் கற்க விழைவது எதனால்? அம்மொழியின் இலக்கியச் சுவையால் என்று நாம் எண்ணக்கூடும். ஐக்கிய அமெரிக்காவை நோக்கினால் வேறு விடை கிடைக்கின்றது. அங்கே நவீன மொழிச் சங்கம் என்னும் கழகம் 1958 முதல் இம்மாணவர் தொகையைக் கணக்கெடுத்து வருகின்றது.

1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணிலே ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. பிறமொழிக் கல்விக்கு அரசாங்கப் பணம் பாய்ந்தது. 1990 இல் ருஷிய மொழி கற்றோர் ஏறக்குறைய 44,000 பேர். 1991 இல் சோவியத் ஒன்றியம் குலைந்தது. 1995 இல் அத்தொகை 25,000 இற்கும் குறைந்துவிட்டது. அரபு கற்றோர் 1998 இல் 5,500 பேரளவினர். 2001 ஆம் ஆண்டுத் தாக்குதலின் பின் அவர் தொகை ஏறி, 2006 இல் 24,000 ஐ அண்மியது. 2009 இன் பின் அதுவும் இறங்கலாயிற்று. 2016 இற்கும் 2021 இற்கும் இடையே பிறமொழி கற்போரின் மொத்தத் தொகையே 16.6 வீதம் வீழ்ந்தது. கொரிய மொழி கற்போரோ 38 வீதம் பெருகினர். அந்நாட்டுப் பாட்டும் நாடகமும் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தமை இதற்குப் பெருங் காரணம் என்பர்.

அன்பர்களே, அச்சம் ஒருகால் இழுக்கின்றது. ஆசை ஒருகால் இழுக்கின்றது. இதிற் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுவோர் அரபிலே தேர்ச்சி பெற 2,200 வகுப்பு மணித்தியாலம் வேண்டும் என்று அமெரிக்க வெளிநாட்டுச் சேவை நிலையம் கணித்துள்ளது. தேவை வந்தபின் படிக்கத் தொடங்குவோன் தாகமெடுத்தபின் கிணறு வெட்டுவோனை ஒப்பான். 2023 இலே மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம், பணமுடையும் மாணவர் குறைவும் காட்டி, பிறமொழிப் பட்டப் படிப்புக்களை நிறுத்தத் தீர்மானித்தது. மூடிய துறையை மீண்டும் திறத்தல் எளிதன்று. ஆசிரியர் ஒரு நாளில் உருவாவதில்லை.

இஃது எங்கோ நடப்பது என்று நாம் வாளா இருத்தல் தகுமா? அந்த 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியாலே தென்னாசிய மொழிகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்பித்த ஏ. கே. இராமானுஜன், 1967 இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்திலே வெளியிட்டார். தமிழறியாத எத்தனையோ பேர் சங்கப் புலவரை அந்நூல் வாயிலாகவே அறிந்தனர். தலைகளை எண்ணி மட்டும் மொழிக்கு இடமளிப்பதாயின் தமிழுக்கு அங்கே ஓர் இருக்கையும் கிடைத்திராது.

ஆகவே, மொழியொன்றைத் தெரியும் வாலிபருக்கு நாம் கூறுவது இதுவே: காற்றடிக்கும் திசையைப் பாருங்கள், அதனோடு நில்லாதீர்கள். பலர் நாடாத மொழியொன்றை ஒருவரேனும் விடாது கற்பாராயின், நாளை நாடு தேடும்போது அவரே கைகொடுப்பார். பிறர் நம் மொழியைக் கற்க வேண்டுமென விரும்பும் நாம், பிறர் மொழியை அதே அன்போடு கற்க முந்துவோமாக.