பிள்ளை பிடிப்பவர் பயமும் பள்ளிக் கேமராவும்

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

'பள்ளிப் பாதுகாப்பு' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். சுற்றுச்சுவர், மின் இணைப்பு, கழிப்பறைத் தாழ்ப்பாள் பற்றியெல்லாம் காலை அமர்வில் விரிவாகப் பேசிவிட்டார்கள். நான் பயத்தைப் பற்றிப் பேசுகிறேன். பெற்றோருக்கு வருகிற பயம். அதனால் நமக்கு வருகிற வேலை.

ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும். "பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் மாவட்டத்தில் இறங்கியிருக்கிறது, அனைவருக்கும் பகிரவும்." முதலில் எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. மறுநாள் ஒன்றாம் வகுப்பில் பாதிப்பேர் வரமாட்டார்கள். மாலையில் வாசலில் புதுமுகம் ஒன்று நின்றால் போதும், நாலு பேர் சூழ்ந்துகொண்டு "யாருங்க நீங்க, எந்த ஊரு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இது எங்கே போய் முடியும் என்பதை நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2018 மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர்கள். மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் உடன் இருந்தார்கள். அத்திமூர் பகுதியில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார், மற்றவர்கள் படுகாயம் அடைந்தார்கள். ஏழு வாரம் கழித்து, ஜூலை 1 அன்று, மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற ஊரில், யாசகம் பெற்று வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள்.

அந்த நாள்களில் நாடெங்கும் பரவிய காணொளி ஒன்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பைக்கில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகள் காணாமல் போவதைப் பற்றிய விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்த படம். முழுப் படத்தில் பைக் திரும்பி வரும்; பையனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இந்தக் கதையை எட்டாம் வகுப்பில் சொன்னேன். "இந்தக் காணொளிக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சு, யார் எடுத்தது, எந்த ஊர்" என்று கேட்கப் பழகுங்கள் என்றேன். ஒரு மாணவி எழுந்து, "நெஜமாவே பிள்ளை பிடிக்கிறவங்க வந்துட்டா என்ன டீச்சர் பண்றது?" என்றாள். நியாயமான கேள்வி. குழந்தைகள் காணாமல் போவது பொய்யல்ல. 1098க்கும் காவல் நிலையத்துக்கும் போன் செய்ய வேண்டும், யார் மீதும் கை வைக்கக் கூடாது என்றேன். அவளுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், வாசலில் மட்டும் போதாது, வகுப்புக்கு வகுப்பு கேமரா வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். நான் கேமராவுக்கு எதிரி அல்ல. கணினி அறைப் பூட்டை உடைத்தால் அதுதான் சாட்சி. ஆனால் பிள்ளைக்கு வரும் ஆபத்து எங்கிருந்து வருகிறது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். நம் தொழிலில் இருப்பவர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள், அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. இவர்களில் யாரும் பைக்கில் வந்து தூக்குவதில்லை. வாசல் கேமராவில் இவர்கள் தெரிந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

இன்னொன்று. கேமராப் பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வன்தட்டு நிரம்பியதும் பழையது அழிந்து புதியது ஏறும். ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்ல மாதக்கணக்கில் ஆகலாம். அப்போது பதிவு இருக்காது, வகுப்பாசிரியர் இருப்பார். போக்சோ சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். பிரிவு 19இன்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நாமே விசாரித்து உறுதி செய்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்க இடமில்லை. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் பணிபுரிபவர் செய்ததை மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை.

வகுப்பறைக் கேமரா பற்றி, வேறொரு பள்ளியில் பணிபுரியும் தோழி சொன்னது. யார் சேட்டை செய்தது என்று கேட்டால், "கேமராவுல பாத்துக்கோங்க டீச்சர்" என்கிறார்களாம் பிள்ளைகள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இப்படித்தான் குறைகிறது என்று தோன்றியது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பதினெட்டு வயதானவர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை.

எங்கள் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. வாசலுக்கும் கணினி அறைக்கும் கேமரா, வகுப்பறைக்கு வேண்டாம் என்று முடிவானது. பதிவைத் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்துதான் பார்க்கலாம். செல்போனில் எடுத்துப் பகிரக் கூடாது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களின் பெயரை எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறோம்.

எங்களிடம் செங்கல் சூளையில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளியின் மகன் ஒருவன் படிக்கிறான். வதந்தி கிளம்பும்போதெல்லாம் அவன் அப்பா வாசலுக்கு வராமல் தள்ளி, புளியமரத்தடியில் நிற்பார். அந்த நோட்டில் அவர் பெயரையும் எழுதி, சத்துணவுக்கூடத் திண்ணையில் உட்காரச் சொல்லியிருக்கிறோம். மற்ற பெற்றோரும் அங்கேதான் உட்காருகிறார்கள். இரண்டு வாரமாக வந்து உட்காருகிறார், இன்னும் யாரிடமும் பேசவில்லை.