ஒய்.பி.யிடம் கேட்க வேண்டியது



நாம் ஒய்.பி. என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் பணியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் கோல சிலாங்கூர் மாவட்டத்து ஈஜோக்கை வைத்தே பேசுகிறேன்.

2007 ஏப்ரலில் ஈஜோக்கின் மஇகா சட்டமன்ற உறுப்பினர் டத்தோ கே. சிவலிங்கம் காலமானார். இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் நாட்டின் பெரிய தலைவர்களெல்லாம் தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்தார்கள். பல வருஷமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைகளுக்கு அவசர அவசரமாகத் தார் போட்டார்கள். மஇகாவின் கே. பார்த்திபன் 5,884 வாக்கு வாங்கி வென்றார். எதிர்த்து நின்று 4,034 வாக்கு வாங்கியவர் காலிட் இப்ராஹிம். கத்ரி தோட்ட நிறுவனத்துக்கே தலைமை ஏற்று நடத்தியவர் அவர்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25ஆம் தேதி நம் ஜனம் உரிமை கேட்டுக் கோலாலம்பூர் தெருக்களில் திரண்டது. 2008 மார்ச் 8ஆம் தேதி, ஓர் ஆண்டுகூட முடியவில்லை, அதே ஈஜோக்கில் அதே காலிட் ஜெயித்து மந்திரி பெசாராகவும் ஆனார். பக்கத்துப் புக்கிட் மெலாவாத்தியில் முத்தையா மரியபிள்ளை வென்றார். கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷாவிலோ, கமுண்டிங் தடுப்புமுகாமில் அடைபட்டிருந்த எம். மனோகரனையே மக்கள் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தார் போட்ட சாலை அவர்கள் மனசை மாற்றவில்லை. கோயில் நின்ற மண் யாருடையது என்ற கேள்விதான் மாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் இதைச் சொல்கிறேன்? பள்ளிக்கூடம், சம்பளச் சட்டம், சொக்சோ எல்லாம் கூட்டரசின் கையில் இருக்கின்றன. நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பெரும் வழக்கு எதில்? வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு. நான்கும் நிலத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே நம்மைப் பொறுத்தவரை மந்திரியைவிட முக்கியமானவர் இந்த ஒய்.பி.தான்.

ஒரு தோட்டம் எப்படி வீடமைப்பாக மாறுகிறது? விவசாய நிலத்தில் கம்பெனி நினைத்தவுடன் வீடு கட்டிவிட முடியாது. கட்டட நிலமாக மாற்ற மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். கோப்பு மாவட்ட நில அலுவலகம் வழியாகப் போகும். முடிவு மாநில அரசுடையது. அந்த அனுமதிக்காகக் கம்பெனி காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் பால் வெட்டியவனின் குடும்பத்துக்காகப் பேரம் பேச வேண்டிய நேரம். லயத்தில் இருந்தவர்களுக்கு வீடு எங்கே, கோயிலுக்குத் தனிப் பட்டா எங்கே என்று அன்று எழுந்து கேட்க வேண்டியவர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அனுமதி கிடைத்து புல்டோசர் வந்தபிறகு மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்பவரால் என்ன செய்ய முடியும்?

பெஸ்தாரி ஜெயாவில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்று ஐந்து தோட்டங்கள். தோட்டம் கைமாறியபின் அங்கே உழைத்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன. எத்தனை தேர்தல், எத்தனை மேடை! 2023இல்தான் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. கேட்டுக்கேட்டே கண்மூடிய பெரியவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இதில் ஒரு கட்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு அணிகளும் மாநில ஆட்சியில் இருந்திருக்கின்றன.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2008க்குப் பின் தோட்டத் தொழிலாளர் விவகாரத்தை சேவியர் ஜெயக்குமாரின் ஆட்சிக்குழுப் பொறுப்பில் சேர்த்தார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் 40 லட்சம் வெள்ளி அளவில் மாநில அரசு ஒதுக்கியது. வரவேற்கிறேன். ஆனால் பணம் அந்த வருஷத்தோடு செலவாகிவிடும். நிலப் பட்டா ஒருமுறை கைக்கு வந்தால் பேரன் காலத்திலும் பேசும்.

2008க்குப் பிறகு ஈஜோக்கில் தமிழர் ஒருவர் வெல்லவில்லை. தோட்டம் கலைந்து நம் ஓட்டும் தாமான் தாமானாகச் சிதறிவிட்டது. அதனால் நம் குரல் போய்விட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. சிலாங்கூர் சட்டமன்றத்தின் 56 பேரில் நம் தொகுதிக்கு யார் இருந்தாலும், எந்த இனமாக, எந்தக் கட்சியாக இருந்தாலும், அவர்தான் நம் ஒய்.பி. கேட்கும் உரிமை நமக்குக் குறையவில்லை.

அடுத்த மாநிலத் தேர்தல் 2028க்குள் வந்துவிடும். ஆலய நிர்வாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கோயில், பள்ளி, சுடுகாடு எந்த லாட் எண்ணில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கோல சிலாங்கூர் நில அலுவலகத்தில் மனுப் போட்டு, யார் பேரில் இருக்கிறது என்று அதிகாரபூர்வமாகத் தேடிப் பார்ப்போம். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்தல் வரும்வரை காத்திராமல், இப்போதிருக்கும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு எல்லாரும் சேர்ந்தே போவோம். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள்.