மனோவசியமும் தீய பழக்கங்களும்



சாராயத்தையும் சிகரெட்டையும் மனோவசியத்தினால் விட்டுவிட முடியுமா என்பது நம் வாலிபர்கள் அடிக்கடி கேட்கும் வினா. கண்டி நகரிலும், ஹந்தானை, கலஹா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலும் சம்பள நாளன்று வீட்டுக்கு வந்து சேராத பணத்தை எண்ணி ஏங்கும் தாய்மாரும் இதனையே கேட்கின்றனர். ஆகையால் இதனை வேடிக்கைப் பேச்சாக்க நாம் விரும்பவில்லை.

மனோவசியம் என்றதும், மேடையில் ஒருவர் கையசைக்க மற்றவர் பொம்மைபோல் ஆடுங் காட்சியே நம் மனக்கண்முன் நிற்கிறது. இவ்வெண்ணத்துக்கு வித்திட்டவர் மெஸ்மர் என்னும் வைத்தியர். ஒருவகைக் காந்தசக்தியைத் தாம் நோயாளிக்குள் செலுத்துவதாக அவர் கூறினார். 1784-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் நியமித்த விசாரணைக்குழு அப்படியொரு சக்தி இல்லையென்று கண்டது. பெஞ்சமின் பிராங்க்ளினும் அக்குழுவில் ஒருவர். பின்னர் உண்மையை எடுத்துரைத்தவர் நம் அயல்நாட்டவரே. கோவாவில் 1756-இல் பிறந்த பாரியா பாதிரியார், 1813-இல் பாரிஸ் நகரிலே பலர் முன்னிலையில் இக்கலையைச் செய்துகாட்டி, சக்தி வசியஞ் செய்பவனிடத்தில் இல்லை, வசியப்படுபவனின் மனத்திலேயே உள்ளது என்றார். இதனை இன்றும் பலர் அறியார்.

1845-இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் வைத்தியர் இம்முறையால் நோயாளிகளைத் துயிலச் செய்து சத்திரசிகிச்சைகள் நடத்தினார். மறு ஆண்டில் கல்கத்தாவில் இதற்கென ஓர் ஆஸ்பத்திரியும் அமைந்தது. ஈதரும் குளோரபோமும் வந்ததும் அது மங்கிப்போயிற்று. நம் நாட்டிலோ, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்பு தென்னிலங்கைக் கல்லூரிகளிலும் கற்பித்த ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்தவரென்று கருதப்பட்ட பலருக்கு மனோவசிய முறையால் சிகிச்சை செய்தார். 1978-இல் அவர் காலமானார். சமயங்களைக் கண்டித்தவர் என்பதற்காக அவர் பெயரைச் சொல்லாது விடுவது நியாயமன்று.

இது நடைபெறும் விதம் மிக எளிது. ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தி, மூச்சைச் சீராக்கி, உடலைத் தளர்த்துமாறு வைத்தியர் மெல்லிய குரலில் சொல்லுகிறார். மனம் ஒருமுகப்படுகிறது. அது உறக்கமன்று, பேசுவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்நிலையில், சிகரெட்டின் நாற்றம் வெறுப்பூட்டுவதாகவும், ஆசை எழும்போது அது அலைபோல் வந்து போய்விடுவதாகவும் கருத்துக்களை ஊன்றுகிறார். எல்லாரும் ஒரேயளவில் இதற்கு இணங்குவதில்லை. விட மனமில்லாதவனை மனைவியோ தாயோ இழுத்துச் சென்று உட்காரவைப்பதாற் பயன் குறைவு.

பலன் உண்டா? புகைத்தலை விடுவது பற்றி நடந்த 14 ஆய்வுகளை 2019-இல் ஒருசேரப் பரிசீலித்தவர்கள், ஆலோசனை முதலிய வேறு உதவிகளைவிட மனோவசியம் சிறந்ததென்று சொல்லத் தெளிவான சான்று இல்லையென்றே முடிவுசெய்தனர். சிலருக்குத் துணைசெய்யக்கூடும், அதற்குமேல் உறுதிகூற நமக்கு மனம் வரவில்லை. ஒரே நாளிற் குடியை நிறுத்துகிறோம் என்று விளம்பரஞ்செய்து ஆயிரக்கணக்கிற் பணம் கேட்பவரிடம் நகையை அடகுவைத்துக் கொடுக்கவேண்டாம். சோற்றிலே இரகசியமாகக் கலக்கும் தூள்களோ அதனினும் கெடுதி. அவற்றுட் சில, குடிக்கும்போது உயிரையே வாங்கிவிடும்.

இன்னொன்றையும் பெரியோர் கவனிக்கவேண்டும். பல வருடங்களாக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை உண்டாகலாம். சிலவேளை மரணமும் நேரும். இத்தகையவருக்கு முதலில் வேண்டியது ஆஸ்பத்திரிக் கட்டில், மனோவசியமெல்லாம் பிறகு.

வெற்றிலைச் செப்பையும் நாம் மறக்கலாகாது. சாராயத்தைப் பழிப்போரும் விருந்தினருக்கு அதனை நீட்டத் தயங்குவதில்லை. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் விளைப்பதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-இல் வெளியிட்ட ஏட்டில் வகைப்படுத்தியுள்ளது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ தோன்றினால், பேராதனைப் பல் வைத்தியசாலை நமக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது.

போதைப்பொருளில் அகப்பட்டவர்களுக்கென 1984-இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபை கண்டியிலும் ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்திவருகிறது. அங்கே தனியே செல்லக் கூச்சப்படுபவரோடு முதல்நாள் கூடப் போய்வருவதற்கு நம் வாலிபர்களில் இரண்டொருவர் முன்வந்தாற் போதும்.